இரண்டு நிமிடக் குரல் சோதனை

மாதத்தில் ஒரு நாள், நாட்டின் நான்கு புலனாய்வுப் பிரிவுகள் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அது என் வேலை. வன்னியில் ஓர் அரச கட்டடத்தின் மேல்மாடியில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய அறையொன்றில், கூட்டம் தொடங்குவதற்கு முன்னர் பெரிய அதிகாரியின் கதிரையில் நான் போய் இருக்க வேண்டும். கமராவைப் பார்த்து நிறுத்தாமல் பேச வேண்டும். படம் சரியா, குரல் சரியா, வாயசைவும் சத்தமும் ஒன்றாக வருகின்றனவா என்று நான்கு முனைகளிலும் இருக்கும் தொழில்நுட்பக்காரர்கள் பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் நான் எழும்பி வெளியே போய்விட வேண்டும். கதவை உள்ளே இருந்து பூட்டிக்கொள்வார்கள். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் அம்மாவும், அவரைப் போலக் காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாரும் இதே பிரிவுகளில் ஏதாவது ஒன்றின் காதில் விழட்டும் என்று வீதியோரக் கொட்டகையில் இருந்து வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள். எனக்கு மாதம் இரண்டு நிமிடம் சும்மா கிடைத்தது. நான் அதில் குளத்து நீர்மட்டம் வாசித்தேன்.

என்னுடைய பதவியின் பெயரில் 'ஒருங்கிணைப்பு' என்ற சொல் இருந்தது. எதை ஒருங்கிணைப்பது என்று யாராவது கேட்டால், நாலு முழ வயரைக் காட்டுவேன். உண்மையில் நடந்தது இதுதான். நான்கு பிரிவுகளிடமும் நான்கு வகைப் பெட்டிகள் இருந்தன. படத்தையும் குரலையும் வெளியே யாருக்கும் விளங்காதபடி குழப்பி அனுப்புவதும், மறுமுனையில் அதைத் திருப்பிச் சரியாக்குவதும்தான் அந்தப் பெட்டிகளின் வேலை. ஒவ்வொரு பிரிவும் தன் பாட்டுக்கு ஒவ்வொரு காலத்தில் வாங்கியதால், ஒருவரின் பெட்டி மற்றவரின் பெட்டியோடு பேசாது. நான்கின் இணைப்பும் என் அறைக்கு வரும். அங்கே நான் அவற்றை ஒன்றோடொன்று கொளுவிவிட வேண்டும். ஒரு பிரிவு தலைநகரில் இருந்தது, மற்ற மூன்றும் வன்னிக்குள்ளேயே இருந்தன. ஒரே ஊரில், ஒரே கடையில் ரொட்டி வாங்கித் தின்பவர்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு நான் வேண்டியிருந்தேன்.

பெட்டிகளைத் திறக்கும் இலக்கங்கள் முத்திரை வைத்த உறையில் வரும். நான்கு பேரும் ஒரே நிமிடத்தில் அதை அடிக்க வேண்டும். ஒருவரும் முதலில் அடிக்கமாட்டார்கள். அவர்கள் போட்டுவிட்டார்களா என்று இவர் கேட்பார், இவர் போட்டதும் சொல்லுங்கள் என்று அவர் சொல்வார். இரண்டு காதிலும் இரண்டு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சம்பந்தம் பேசப் போனவன் மாதிரி நான் நடுவில் நின்று கெஞ்சுவேன். நான் வேலைக்கு வந்த முதலாவது கூட்டத்தன்று பெரிய திரையில் நான்கு கட்டங்களும் வந்தன, நான்கும் கறுப்பு. வயர்களைக் கழற்றிப் பூட்டி, வியர்த்து வழிந்து, அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் விசயம் பிடிபட்டது. மற்றவர்களைப் பார்க்கலாம், தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்று நான்கு பிரிவும் தங்கள் கமராக் கண்ணில் பிளாஸ்ரர் ஒட்டி வைத்திருந்தன.

எங்கள் நிர்வாக உத்தியோகத்தர், ஓய்வுக்குக் கிட்ட வந்த தமிழர், கதவடியில் நின்று கேட்டார்.

"என்ன தம்பி, இன்னும் ஒருத்தரும் வரேல்லையோ?"

"எல்லாரும் வந்திட்டினம் சேர். ஒருத்தரும் தெரியமாட்டினமாம்."

அவர் சிரிக்கவில்லை. அவர் அந்த அறைப் பக்கம் வந்தால் சிரிக்கமாட்டார்.

இப்படிப்பட்ட வேலைக்கு ஒரு தமிழனை ஏன் எடுத்தார்கள் என்று கேட்கலாம். எனக்கு முன்பிருந்தவர் தெற்கிலிருந்து வந்தவர். மாற்றம் கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். வன்னிக்கு வர வேறு ஒருவரும் சம்மதிக்கவில்லை. பிரிவுகளுக்குள்ளே இருக்கும் தொழில்நுட்பக்காரர் ஒருவரைப் போடலாம் என்றால், மற்ற மூன்று பிரிவும் விடாது. எந்தப் பிரிவையும் சேராத, சிங்களம் தெரிந்த, வயர் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அரச உத்தியோகத்துக்கான சிங்களச் சோதனையில் நான் நல்ல புள்ளி எடுத்திருந்தேன். ஒருவரை ஒருவர் நம்பாத நான்கு பேர், நால்வருமே நம்பாத என்னை ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் அதற்கு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். முன்பள்ளியில் படிப்பித்தவர். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று இயக்கம் கேட்டு வந்த காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அப்பா அதற்கு முன்னரே நோயில் போய்விட்டார். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் முற்றத்தில் நிற்க, அக்கா குசினிக்குள் வந்து, "அவன் படிக்கட்டும் அம்மா" என்று மட்டும் சொன்னார். பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் புத்தகத்தை விரித்து வைத்தபடி மேசையில் இருந்தேன். எழும்பிப் போய் வாசல் வரைக்கும்கூட வழியனுப்பவில்லை. வெளியே தலைகாட்டினால், ஆம்பிளைப் பிள்ளை நிற்கிறதே, இவனை எடுப்போம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

பதினொரு மாதத்தில் யுத்தம் முடிந்தது. கடைசி நாட்களில் அக்கா எங்களிடம் திரும்பி வந்துவிட்டதால், நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் இராணுவத்தின் பக்கம் வெளியே வந்தோம். வெட்டவெளியொன்றில் எல்லோரையும் இருத்தி வைத்து, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் தனியாகப் பதிய வேண்டும், பதிந்ததும் விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் சொன்னார்: "போ பிள்ளை, பதிஞ்சு போட்டு வா. ஒளிச்சா வீண் பிரச்சினை." அக்கா பஸ்ஸில் ஏறி, மூன்றாவது ஜன்னலோரம் இருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. தண்ணீர்ப் போத்தலைக் கேட்டார், அம்மா ஓடிப்போய்க் கொடுத்தார். பஸ் போனது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

செட்டிகுளத்து அகதி முகாமில் இருந்த மாதங்களில், புதிதாகக் கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரிடமும் அம்மா கேட்டுத் திரிந்தார். பிறகு அலுவலகங்கள். பொலிஸ், ஆணைக்குழு, அலுவலகத்துக்கு மேல் அலுவலகம். எங்கள் பக்கத்தில் இப்படிப் பிள்ளையைத் தேடும் எல்லாத் தாய்மாரிடமும் ஒரு பழக்கம் உண்டு. போட்டோக்கொப்பிக் கட்டு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, முறைப்பாட்டுத் துண்டு, கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி எடுத்து, குண்டூசியால் குத்தி, ஒவ்வொரு சொப்பிங் பையில் ஒவ்வொரு கட்டாக வைத்திருப்பார்கள். கோப்போடு யார் வாசலுக்கு வந்தாலும் ஒரு பையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அதுதான். எல்லாவற்றிலும் முதல் பக்கம் அக்காவின் ஒரே படம்: அடையாள அட்டைக்காக, இரண்டு காதும் தெரிய, முறைத்துக்கொண்டு எடுத்த படம். அக்காவுக்குப் படம் எடுப்பது பிடிக்காது. பிரதியின் பிரதியின் பிரதியாகப் போய், அதில் இப்போது காதுகள்தான் தெளிவாக இருக்கின்றன.

இனிப் படிவம். பாதுகாப்பு அனுமதிப் படிவம் என்று பெயர். பாட்டன் பூட்டன் வரைக்கும் கேட்டிருந்தார்கள். ஐந்தாவது பக்கத்தில் ஒரு நிரல்: சகோதர சகோதரிகள், பெயர், தொழில், தற்போதைய முகவரி. நான் பெயரை எழுதப் பேனையை வைத்தேன். தொழில் என்ன? தற்போதைய முகவரி என்ன? அதை நீங்கள்தானே எனக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கலாம். நிர்வாக உத்தியோகத்தர் எனக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, முகவரி இல்லாத ஆளை எழுதினா உது திரும்பி வரும். திரும்பி வந்தா உமக்கு வேலை இல்லை. வேலை மட்டுமில்லை. யோசிச்சுச் செய்யும்."

நான் யோசிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அந்த நிரலுக்குக் குறுக்கே 'இல்லை' என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். நடுங்கவில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

அனுமதி வந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அம்மாவின் முறைப்பாடு ஒரு பிரிவிடம் இருந்தது. அக்காவின் பெயர் இன்னொரு பிரிவிடம் இருந்திருக்கும். என் படிவம் மூன்றாவதிடம் போயிருந்தது. மூன்றிலும் ஒரே விலாசம், ஒரே தகப்பன் பெயர். ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாததால்தான் எனக்கு வேலை கிடைத்தது. அவர்களைப் பேசவைப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. இந்த முட்டாள்தனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படிவத்தைப் பற்றி மனைவிக்கு மட்டும் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், எதையும் நேரே சொல்பவள்.

"மாமிக்குச் சொல்லிப் போடுங்கோ" என்றாள். "வேற ஆரும் சொல்ல முன்னம் நீங்களே சொல்லிப் போடுங்கோ."

"சொல்லுவம்" என்றேன். சொல்லவில்லை.

இரண்டு நிமிட விசயம் அம்மாவுக்கு என் வாயால்தான் போனது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது, கமராக் கண்ணுக்குப் பிளாஸ்ரர் ஒட்டிய கதையைச் சொல்லி மனைவியைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அவங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில உன்னைப் பாப்பாங்களோ?"

"ஓம்."

"நீ கதைக்கிறதும் கேக்குமோ?"

"கேக்கும் அம்மா. அதுக்குத்தானே கதைக்கிறது."

"என்ன கதைக்கிறாய்?"

"குளத்தில எவ்வளவு தண்ணி நிக்குது, எத்தினை கதவு திறந்திருக்கு எண்டு ஒரு தாள் வரும். அதை வாசிப்பன்."

"தண்ணியோ?" என்றார் அம்மா.

 அடுத்த நாளில் இருந்து தொடங்கினார். அடுத்த முறை அக்காவைக் கேள். பெயரைச் சொல், இலக்கத்தைச் சொல், எங்கே என்று கேள். நடுவில் அந்தப் படிவம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் பயப்படுகிறேன் என்றே நினைத்தார்.

"அப்பிடிக் கேக்கேலாது அம்மா. வேலை போயிடும்."

"போனாப் போகட்டும். ஜெயபுரத்தில வயல் கிடக்குது. உழுது சாப்பிடுவம்."

"அதுக்கில்லை..."

"வேற எதுக்கு?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. நான் கைகழுவ எழும்பிப் போனேன்.

இப்படியே ஏழெட்டு மாதம் போனது. ஒவ்வொரு கூட்டம் முடிந்த அன்றும் அம்மா வாசலில் நிற்பார். என் முகத்தைப் பார்ப்பார். கேட்காமலே உள்ளே போய்விடுவார். நான் குளத்தைவிட்டு நெல் விலைக்கு மாறினேன், பிறகு பாடசாலைச் சுற்றறிக்கைக்கு. ஒருமுறை கையில் ஒன்றும் அகப்படாமல் தீயணைக்கும் சிலிண்டரில் எழுதியிருந்ததை வாசித்தேன். நான்கு பிரிவும் பொறுமையாகக் கேட்டன.

பிறகு கொட்டகையில் அம்மாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் ஒரு தாய் செத்துப்போனார். மகனைத் தேடி அலைந்தவர், நெஞ்சுவலி. செத்தவீட்டுக்குப் போய்வந்து தலை முழுகிவிட்டு, ஈரத்தலையோடு அம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"அக்கா உனக்காகத்தான் போனவள்" என்றார்.

அத்தனை வருடத்தில் அம்மா அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு சண்டையில்கூட, வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. எனக்கும் அவருக்கும் தெரிந்த ஒரு விசயமாக அது வீட்டில் பேசாமல் கிடந்தது. சொல்லிவிட்டு அம்மா அழவுமில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கூட்டத்தன்று அலுமாரியிலிருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். படியால் ஏறும்போது சோதித்தார்கள். தாள்தானே என்று விட்டுவிட்டார்கள். இலக்கம் அடித்தாயிற்று, நான்கு கட்டமும் வந்தாயிற்று. தலைநகரில் இருந்த தொழில்நுட்பக்காரர், பேசுங்கள் என்றார். நான் கதிரையில் இருந்து பேசினேன். விளங்கவில்லை என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது என்று சிங்களத்தில் பேசினேன்.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறார் என்று தொடங்கினேன். பெயரைச் சொன்னேன். அடையாள அட்டை இலக்கத்தைப் பார்க்காமல் சொன்னேன். வெட்டவெளி, ஒலிபெருக்கி, பஸ், மூன்றாவது ஜன்னல், நீலக் கட்டச் சட்டை, தண்ணீர்ப் போத்தல். பதிந்துவிட்டு விடுவோம் என்று சொன்னீர்கள், பதிந்த பட்டியல் உங்கள் நால்வரில் ஒருவரிடம் இருக்க வேண்டும், என் அம்மாவுக்கு வயதாகிறது, இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். பிறகு பையிலிருந்து படத்தை எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தேன். அப்போது கை நடுங்கியது.

 எங்கேயோ ஒரு முனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு தலைநகரக்காரரின் குரல் வந்தது.

படத்தில் வெளிச்சம் அடிக்கிறது, கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள் என்றார்.

சரித்தேன்.

ஆ, இப்போது தெளிவு என்றார். குரலும் சரி, நன்றி.

மற்ற மூன்று முனைகளும் சரி என்றன. அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, அல்லது உண்மையாகவே படத்தின் தெளிவை மட்டும்தான் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பெரிய அதிகாரி ஏறிவரும் சப்பாத்துச் சத்தம் படியில் கேட்டது. நான் படத்தை மடித்து வைத்துக்கொண்டு எழும்பினேன்.

கேட்டுவிட்டேன் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் அலுவலகத்துக்கு அம்மா தொலைபேசி எடுத்தார். அப்படி ஒரு குரலை நான் வருடக்கணக்காகக் கேட்டதில்லை.

"வந்தவை மோனை! இரண்டு பேர், மோட்டார் சைக்கிள்ல. நீ கதைச்சது கேட்டிருக்கு. எல்லாம் விசாரிச்சவை."

"என்ன விசாரிச்சவை?"

"நீ ஆரோட பழகிறனீ, வெளிநாட்டில ஆர் இருக்கினம், கொட்டிலுக்கு ஆர் ஆர் வாறவை எண்டு. எல்லாம் ஒளிக்காமச் சொன்னனான்."

"அக்காவைக் கேட்டவையோ?"

"முதல் இதுகளைக் கேட்டுட்டுத்தானே விசயத்துக்கு வருவினம். நான் ஒரு கட்டுக் குடுத்து விட்டனான். தேத்தண்ணியும் குடிச்சவை."

விருந்தினருக்கென்று அலுமாரியில் வைத்திருக்கும் கோப்பைகளை எடுத்திருக்கிறார். அதை மனைவி சொன்னாள். இரண்டு நாள் கழித்து இன்னொரு பிரிவு வந்தது. முதல் பிரிவு வந்துபோனது இவர்களுக்குத் தெரியாது, அதே கேள்விகள். அம்மா இன்னொரு கட்டுக் கொடுத்தார், மீண்டும் தேத்தண்ணீர். இரண்டு இடத்திலிருந்து வருகிறார்கள் என்றால் விசயம் மேலே போய்விட்டது என்று கொட்டகையில் இருக்கும் மற்றத் தாய்மாருக்குச் சொன்னாராம். அவர்களும் தங்கள் பிள்ளைகளின் கட்டுகளைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த முறை வரும்போது சேர்த்துக் கொடுக்கச் சொல்லி.

மூன்றாவதாக வந்தவர் நன்றாகத் தமிழ் பேசினார். அவரிடம் என் படிவத்தின் பிரதி இருந்தது. யார் யாரைக் கேட்டார்களோ, எப்படிச் சேர்ந்ததோ, முறைப்பாடும் படிவமும் ஒரு மேசைக்கு வந்துவிட்டன. நான் கொளுவிய வயர் நன்றாகத்தான் வேலை செய்தது. அன்றைக்கு நடந்ததை என் மனைவி கூட இருந்து பார்த்தாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

அவர் ஐந்தாம் பக்கத்தை விரித்து அம்மாவின் மடியில் வைத்தார்.

"அம்மா, இது உங்கட மகன்ரை கையெழுத்தோ?"

அம்மா பார்த்தார். என் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவருக்கு அந்தக் கையெழுத்துத் தெரியும்.

"ஓம்."

"இதில தனக்குச் சகோதரம் இல்லை எண்டு எழுதியிருக்கிறார். அப்ப நீங்கள் ஆரைத் தேடுறீங்கள்?"

அம்மா அந்தத் தாளைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டு, "நான்தான் அப்பிடி எழுதச் சொன்னனான்" என்றாராம். "வேலை கிடைக்க வேணுமெல்லோ. அவன் மாட்டன் எண்டுதான் நிண்டவன்."

"அப்ப மகள்?"

"மகள் இருக்கிறாள். எங்கை எண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

வந்தவர் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா அவருக்குக் கட்டுக் கொடுக்கவில்லை. தேத்தண்ணீரும் ஊற்றவில்லை.

நான் பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். மனைவி முற்றத்திலேயே என்னை மறித்து எல்லாம் சொல்லிவிட்டாள். நான் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். எனக்கு ஏச்சு வேண்டியிருந்தது. திருவலைக் கட்டையைத் தூக்கி எறிந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"அம்மா, அந்தப் படிவம்..."

"சாப்பிடு. ஆறப்போகுது."

சோறு போட்டார். எனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தார். நான் தொடங்கும் போதெல்லாம் ஏதாவது வேலையை நினைத்துக்கொண்டு எழும்பிப் போனார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அப்படித்தான். இந்த விசயம் மட்டும் எங்கள் இருவருக்கும் இடையில் இல்லாதது போல, மற்றதெல்லாம் பேசுகிறார்.

வேலையிலிருந்து என்னை நிறுத்தவில்லை. நெடுங்கேணிப் பக்கம் ஓர் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய அச்சு இயந்திரங்களையும் எலி கடித்த வயர்களையும் திருத்துகிறேன். இதோடு விட்டார்களே, நல்ல காலம் என்று நிர்வாக உத்தியோகத்தர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நல்ல காலம்தான். அறையில் இப்போது வேறு ஓர் ஆள். நான்கு பெட்டிகளையும் தூக்கிவிட்டு, எல்லோருக்கும் ஒரே வகைப் புதுப் பெட்டி கொண்டுவந்துவிட்டார்களாம். குரல் சோதனைக்கு ஆளே தேவையில்லையாம், பெட்டி தானே சோதித்துக்கொள்ளுமாம். அக்காவைப் பற்றி நால்வரிடமிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

போன மாதம், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விவரங்களை மறுபடியும் புதிதாகப் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை நாங்கள் விட்டுவிட்டோம். அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். பொது மண்டபத்தில் வரிசையாக மேசைகள். எங்கள் மேசையில் ஓர் இளம் பெண் உத்தியோகத்தர், பொறுமையாக எழுதிக்கொண்டு வந்தார். அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் நான் சொப்பிங் பையோடு இருந்தேன். பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், உடுப்பு. அம்மா தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு போனார்.

"மகளுக்குச் சகோதரங்கள் எத்தினை பேர் அம்மா?"

"ஒருத்தரும் இல்லை."

அந்தப் பெண் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். எனக்கும் அதே காதுகள், அக்காவின் படமும் நானும் ஒரு மேசையில் இருந்தால் யாருக்கும் தெரியும்.

"அப்ப இவர்?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. இனியும் என் பெயர் எந்தக் கோப்பிலும் ஏறக்கூடாது என்று என்னைக் காப்பாற்றினாரா, அல்லது கணக்குத் தீர்த்தாரா என்று அந்த இடத்திலும் எனக்கு விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

"இவரோ? என்னை ஏத்திக்கொண்டு வந்தவர்" என்றார்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு எழுதினார். பிறகு படிவத்தை என் பக்கமாகத் திருப்பி, அம்மா சொன்னதெல்லாம் சரி என்பதற்குச் சாட்சியாக ஒரு கையெழுத்து வைக்கச் சொன்னார். நான் வைத்தேன்.